‘கோளாறு ஏதும் தென்படவில்லை’: நாலு முறை சர்வீஸ் போன ஒரு லேப்டாப்

2025 பிப்ரவரி முதல் வாரத்தில் அந்த லேப்டாப் என் கடை மேஜைக்கு வந்தபோது கூடவே ஒரு மஞ்சள் பையும் வந்தது. பைக்குள் பில், வாரண்டி அட்டை, ஒவ்வொரு முறையும் சர்வீஸ் சென்டரில் புகாரையும் செய்த வேலையையும் எழுதித் தரும் ஜாப் ஷீட் நாலு, நாலாக மடித்து, கொஞ்சம் பஸ் டிக்கெட். டிக்கெட்டை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். “எதுக்கும் இருக்கட்டும்னு போட்டு வச்சேன் தம்பி” என்றார் அக்கா. பத்திரம் டைப் செய்கிறவர்களுக்குக் காகிதத்தைத் தூக்கிப் போட மனசு வராது.

அக்கா என்றால் உறவு இல்லை, ஒரே தெரு. கும்பகோணத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் பத்துக்குப் பத்தில் ஓர் அறை, ஒரு லேப்டாப், ஒரு லேசர் பிரின்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. கிரயம், தானம், பாகப்பிரிவினை, செட்டில்மென்ட் எது வந்தாலும் அடித்துக் கொடுப்பார். தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவர்; விசைப்பலகையைப் பார்க்காமல் எதிரே உட்கார்ந்திருப்பவரின் குடும்பச் சண்டையைக் கேட்டுக்கொண்டே சர்வே எண்ணை அடிப்பார். பதிவுத் துறை 2018-இல் ஸ்டார் 2.0 மென்பொருளுக்கு மாறிய பிறகு டோக்கன் போடுவதும் கட்டணம் கட்டுவதும் ஆன்லைனுக்குப் போய்விட்டன. கம்ப்யூட்டர் படுத்தால் அன்றைய பிழைப்பும் படுத்தது.

நான் அந்த ஊரிலேயே சின்னதாக ஒரு சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஆறு வருடம் ஒரு கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன். இந்தக் கதையில் வருவது அந்தக் கம்பெனி அல்ல. ஆனால் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கும் என்று தெரியும். அது தெரிந்ததால்தான் இதை எழுதவும் தோன்றியது.

விவரம் இதுதான். 2024 ஜூன் 14 அன்று தஞ்சாவூரில் ஒரு ஷோரூமில் 57,990 ரூபாய்க்கு வாங்கிய லேப்டாப். ஒரு வருட வாரண்டி, ஆனால் நாம்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும், வீட்டுக்கு ஆள் வர மாட்டார்கள். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் 40 கிலோமீட்டர். இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. ஆகஸ்டில் ஒரு நாள், பாதிப் பத்திரத்தில், மின்சாரத்தைப் பிடுங்கின மாதிரி சட்டென்று அணைந்தது. நீலத் திரையும் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. மறுபடி போட்டால் வந்துவிடும். அரை மணி நேரம் கழித்து மறுபடி அணையும். சில நாள் ஒன்றுமே நடக்காது.

முதல் ஜாப் ஷீட் ஆகஸ்ட் 19. புகார் என்ற கட்டத்தில் ‘ஸ்லோ, ஹேங்’ என்று எழுதியிருந்தது. அக்கா சொன்னது அதுவே இல்லை. செய்த வேலை: விண்டோஸ் மறுபடி போட்டது. நாலு நாள். திரும்பி வந்த லேப்டாப்பில் அவருடைய பத்திர மாதிரிகளும் இல்லை, பாமினி, வானவில் எழுத்துருக்களும் இல்லை. மாதிரிகளில் முக்கால்வாசி பென் டிரைவில் இருந்ததால் தப்பித்தார்.

இரண்டாவது அக்டோபர் 7. ‘ஆட்டோ ஆஃப்’ என்று எழுதினார்கள், பரவாயில்லை. ரேமை மாற்றிக் கொடுத்தார்கள். ஏழு நாள்.

மூன்றாவது டிசம்பர் 2. மதர்போர்டு மாற்ற வேண்டும், பார்ட் வர வேண்டும் என்று 16 நாள். வந்த லேப்டாப்பை வீட்டில் திறந்தால் நீலமாக ஒரு திரை, 48 இலக்கக் குறியீட்டைக் கேட்டது. இது பிட்லாக்கர் பூட்டு. விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் பல லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடும், அதற்கான சாவி மதர்போர்டோடு பிணைந்திருக்கும். போர்டு மாறினால் அது அந்நிய இயந்திரம் என்று நினைத்து மீட்புக் குறியீட்டைக் கேட்கும். குறியீடு மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கை உருவாக்கியவர் யார்? வாங்கிய அன்று ஷோரூமில் ‘நானே எல்லாம் செட் பண்ணித் தர்றேன் மேடம்’ என்ற பையன். நல்ல வேளையாக அக்காவின் போன் நம்பரைக் கொடுத்துத் தொடங்கியிருந்தான். இரண்டு நாள் போராடி உள்ளே போனார்கள். புதுசு வாங்குகிறவர்கள் அந்தக் கணக்கைத் தங்கள் கையால் தொடங்கி, அந்த 48 எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிவைப்பது நல்லது.

நான்காவது 2025 ஜனவரி 27. தை மாதம், பதிவு அலுவலகத்தில் நிற்க இடம் இருக்காது. அந்த வாரம்தான் லேப்டாப் தஞ்சாவூரில் ஐந்து நாள் கிடந்தது. வந்த வேலையை அக்கா பக்கத்து அறைக்காரரிடம் தள்ளிவிட்டார். திரும்ப எடுக்கப் போனபோது ஜாப் ஷீட்டில் ‘சோதித்ததில் கோளாறு ஏதும் தென்படவில்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. வாய்மொழியாக இன்னொன்று: “உங்க வீட்டு கரண்ட் பிரச்சினை மேடம், எர்த் சரியில்ல போல.” கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

அக்கா அங்கே செய்த ஒரு காரியத்துக்கு என்னால் ஈடு சொல்ல முடியாது. கையெழுத்துக்கு மேலே, காலியாக இருந்த இடத்தில், ‘கோளாறு சரிசெய்யப்படவில்லை. சார்ஜர் போட்டிருக்கும்போது தானாக அணைகிறது. நான்காவது முறை’ என்று தமிழில் எழுதி, தேதி போட்டு, அதற்குக் கீழே கையெழுத்திட்டிருக்கிறார். கவுன்ட்டர் பையன் அப்படியெல்லாம் எழுதக் கூடாது என்றானாம். “பத்திரத்துல எழுதாதது நடக்காதது தம்பி” என்று சொல்லிவிட்டு ஒரு நகலைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

நான் பார்த்த வரையில், பல பேர் தோற்பது இந்தக் கையெழுத்தில்தான். கவுன்ட்டரில் சத்தம் போடுவார்கள், போன் பண்ணித் திட்டுவார்கள், கடைசியில் ‘திருப்திகரமாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சடித்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். மேலே இருப்பவருக்குத் தெரிவது அந்தக் கையெழுத்து மட்டும். நான் வேலை பார்த்த இடத்தில் எங்களை அளந்தது இரண்டே எண்களால்: ஒரு புகாரை எத்தனை நாளில் மூடுகிறோம், மூடியது முப்பது நாளுக்குள் திரும்பி வருகிறதா. முப்பத்தோராவது நாள் வந்தால் அது புதுப் புகார். ஆகஸ்ட், அக்டோபர், டிசம்பர், ஜனவரி என்று தள்ளித் தள்ளி வந்த இந்த லேப்டாப் அந்தக் கணக்கில் ஒரு முறைகூட ‘ரிப்பீட்’ ஆகியிருக்காது. புகாரை ‘ஸ்லோ, ஹேங்’ என்று எழுதிக்கொண்டால் அது மென்பொருள் வேலை, பார்ட் செலவில்லை, அன்றைக்கே மூடலாம். கவுன்ட்டர் பையன் கெட்டவன் இல்லை. அவனுக்கு மாற்றித் தரும் அதிகாரமும் இல்லை. அவனோடு சண்டை போடுவது பஸ் கண்டக்டரிடம் டிக்கெட் விலையைக் குறைக்கச் சொல்வது மாதிரி.

சரி, லேப்டாப்புக்கு வருவோம்.

முதலில் என் கையைக் கட்டிக்கொண்டேன். பழக்க தோஷம், ஸ்க்ரூடிரைவர் தானாகக் கைக்கு வரும். ஆனால் அடி மூடியைத் திறந்து ஒரு ஸ்க்ரூத் தலையில் கீறல் விழுந்தால் போதும், ‘சிஐடி’ என்று எழுதிவிடுவார்கள்; வாடிக்கையாளரே உண்டாக்கிய சேதம் என்பதற்கு எங்கள் தொழிலில் இருக்கும் சுருக்கம் அது. வாரண்டி அதோடு முடிந்தது. அதனால் வெளியிலிருந்தே பார்ப்பது என்று முடிவு.

விண்டோஸில் நிகழ்வுப் பதிவு என்று ஒன்று இருக்கிறது. இயந்திரம் முறையாக மூடப்படாமல் அணைந்தால் அடுத்த முறை எழும்போது ‘கெர்னல்-பவர் 41’ என்று ஒரு வரி விழும். என்ன காரணம் என்று அது சொல்லாது, எந்த நேரம் என்று மட்டும் சொல்லும். அந்த வரிகளை நான் ஒரு தாளில் நேரத்தோடு எழுதிக்கொண்டு வந்தேன். அக்காவிடம் அந்தந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டால் பாதிக்குப் பதில் இருந்தது, ஏனென்றால் அவரிடம் டோக்கன் நோட்டு இருந்தது. ஒன்று கண்ணில் பட்டது. பெரும்பாலும் மதியம் மூன்று மணியைச் சுற்றி. காலையில் சார்ஜர் இல்லாமல் ஓட்டி, பாட்டரி இறங்கிய பிறகு மதியம் சார்ஜரைச் செருகி, அதே நேரத்தில் வேலையும் செய்வது அவர் வழக்கம்.

அதையே செய்து பார்த்தேன். பாட்டரியை 25 விழுக்காட்டுக்கு இறக்கி, சார்ஜரைச் செருகி, லேப்டாப்புக்குக் கொஞ்சம் கனமான வேலை கொடுத்து ஓட விட்டேன். 41-ஆவது நிமிடம் அணைந்தது. மறுநாள் 36. முழுக்கச் சார்ஜ் ஏறிய பாட்டரியோடு செய்தால் நாள் முழுக்க ஓடுகிறது. அப்போதுதான் விளங்கியது. சர்வீஸ் சென்டரில் என்ன செய்வார்கள்? நாங்களும் அதைத்தான் செய்தோம்: வந்த லேப்டாப்பை ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுப் போவோம், காலையில் 100 விழுக்காட்டோடு எடுத்துச் சோதிப்போம். கோளாறு தென்படவில்லை என்று அவர்கள் எழுதியது பொய் இல்லை. அவர்கள் சோதித்த நிலைமையில் அது தென்படவே தென்படாது.

அப்புறம் ஒரு பென் டிரைவில் லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தைப் போட்டு, விண்டோஸே இல்லாமல் அதே சோதனையைச் செய்தேன். அப்போதும் அணைந்தது. ‘மென்பொருள் கோளாறு’ என்ற வாதத்துக்கு அதோடு கதவை அடைத்தாயிற்று. சுவர்க் கடிகாரமும் திரையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி போனை நிறுத்தி, வெட்டு ஒட்டு இல்லாமல் இரண்டு முறை படம் பிடித்தோம். கரண்ட் குற்றச்சாட்டுக்கும் பதில் வேண்டும். அக்கா கடைக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியனை அழைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்கச் சொன்னோம், ஒன்றரை வோல்ட்டுக்கும் குறைவு. இரண்டு மூன்று வோல்ட் வரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதை அவருடைய ரசீதுப் புத்தகத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டோம். போதாதற்கு என் கடையிலும் அது அணைந்தது, என் கடையில் வேறு மீட்டர், வேறு ஒயரிங்.

எந்தப் பாகம் கெட்டது என்று நான் தேடிப் போகவில்லை. அது தயாரித்தவர் வேலை. ‘எனக்கு இன்ன பார்ட் போயிருக்கிறது’ என்று நாம் எழுதினால் அவர்கள் அந்த ஒரு பார்ட்டை மட்டும் மாற்றிக்கொண்டு போவார்கள்.

கடிதம் பிப்ரவரி 20 அன்று மின்னஞ்சலில் போனது. கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு, நகல் ஷோரூமுக்கு. ஒரே பக்கம். ஆங்கிலத்தில் எழுதினோம், சாரம் இது: இந்தத் தேதியில் இந்த விலைக்கு வாங்கினேன், வரிசை எண் இது. நாலு முறை ஒப்படைத்தேன். ஒவ்வொரு முறைக்கும் ஜாப் ஷீட் எண், தேதி, செய்த வேலை, உங்களிடம் இருந்த நாட்கள். மொத்தம் 32 நாள். ஒவ்வொரு முறையும் அதே கோளாறு திரும்பியிருக்கிறது. இந்த நிலைமையில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காணொளி இணைப்பில் இருக்கிறது. ஐந்தாவது பழுதுபார்ப்பை ஏற்க விருப்பமில்லை. அதே தரத்தில் புதிய லேப்டாப், இல்லையென்றால் முழுப் பணம். பதினைந்து நாளில் எழுத்தில் பதில் வேண்டும்.

‘மோசமான சேவை’, ‘ஏமாற்று’ என்று ஒரு சொல் இல்லை. அக்கா முதலில் எழுதிவந்த வரைவில் அவருடைய மன உளைச்சல் மூன்று பத்தி இருந்தது. எல்லாம் உண்மைதான். ஆனால் அதைப் படிக்கிற ஆள் ஒரு நாளைக்கு ஐம்பது மன உளைச்சலைப் படிப்பவர். 32 என்ற எண்ணைத்தான் அவர் தன் மேலாளருக்கு அனுப்ப முடியும்.

ஒரு தப்பு நாங்களும் செய்தோம். கடைசி வரியில் வேலை இழப்புக்கு 25,000 ரூபாய் இழப்பீடு என்று சேர்த்தோம். கேட்டு வைப்போமே என்று நான்தான் சொன்னேன். லேப்டாப்பை மாற்றித் தரும் அதிகாரம் உள்ள மேஜைக்குப் பணமாக இழப்பீடு தரும் அதிகாரம் இருக்காது. அந்த ஒரு வரியால் எங்கள் மின்னஞ்சல் வேறு பிரிவுக்குப் போய் அங்கே ஒரு வாரம் தூங்கியது என்று பின்னால் போனில் பேசியவரே சொன்னார்.

முதலில் வந்தது வழக்கமான அச்சுப் பதில்: சிரமத்துக்கு வருந்துகிறோம், அருகிலுள்ள சேவை மையத்தை அணுகவும். பதினைந்து நாள் கெடு முடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை. மார்ச் 3 அன்று 1915-க்குப் போன் போட்டோம். மத்திய அரசின் தேசிய நுகர்வோர் உதவி எண், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். அது கோர்ட் இல்லை, யாருக்கும் உத்தரவு போட முடியாது. அந்த ஏற்பாட்டில் சேர்ந்திருக்கும் கம்பெனிகளுக்குப் புகாரை நேரே அனுப்பிவைப்பார்கள். கம்பெனிக்குள்ளே அதைப் பார்ப்பதற்கென்று தனி ஆள் இருப்பார். அதுதான் நமக்கு வேண்டியது. கவுன்ட்டரைத் தாண்டி ஒரு பெயரில்லாத மேஜை. நாலாம் நாள் போன் வந்தது.

இந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் பேரத்துக்குப் பின்னால் அது உட்கார்ந்திருந்தது. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ, இழப்பீடு கொடுக்கவோ மாவட்ட நுகர்வோர் ஆணையம் உத்தரவிடலாம் என்று அதன் 39-ஆவது பிரிவு சொல்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதையே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று வேறொரு பிரிவு சொல்கிறது. அப்படிப் பணம் தருவதற்குப் பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் முப்பது நாள்தான் கெடு. ஐந்து லட்சம் ரூபாய்க்குள் வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும். பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆன்லைனில் இ-ஜாக்ரிதி தளத்திலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. கோளாறைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பிப் பார்க்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

அக்காவுக்கு ஒரு பயம் இருந்தது: “நான் இதை வச்சுத் தொழில் பண்றேனே, நுகர்வோர்னு ஒத்துக்குவாங்களா?” நியாயமான பயம். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார். ஆனால் சொந்தமாக உழைத்துப் பிழைப்பதற்கு மட்டும் வாங்கியிருந்தால் அது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. 1995-இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது, லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனத்துக்கும் கோயம்புத்தூர் பிஎஸ்ஜி இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டுக்கும் நடந்த வழக்கில். அங்கே இயந்திரம் வாங்கிய நிறுவனம் தோற்றது. அது பெரிய அளவில் உற்பத்தி செய்வதற்கு வாங்கியது என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குகிறவரும், தானே இயக்கிப் பிழைக்க லேத் வாங்குகிறவரும் நுகர்வோர்தான் என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. டைப்ரைட்டர்கூட உதாரணமாக வருகிறது. டைப்ரைட்டரில் தொடங்கி லேப்டாப்புக்கு வந்திருப்பவரிடம் இதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அக்காவின் பில் அவர் பெயரிலேயே இருந்தது, ஜிஎஸ்டி எண் எதுவும் இல்லை. நிறுவனத்தின் பெயரில் பில் போட்டு வரியைக் கழித்துக்கொண்டவர்களுக்கு இந்த இடத்தில் வழுக்கும்.

இதையெல்லாம் நாங்கள் கம்பெனியிடம் ஒப்பிக்கவில்லை. 1915 புகார் எண்ணைச் சொல்லி, ‘தீர்வு இல்லையென்றால் தஞ்சாவூர் மாவட்ட ஆணையத்தில் மனுப் போடுவதாக இருக்கிறேன்’ என்று ஒரு வரி மட்டும். நிஜமாகவே போடத் தயாராக இருந்தோம், மனு அடித்தே வைத்திருந்தார். டைப் அடிக்கிற வீட்டில் அதற்கா பஞ்சம்?

மார்ச் 7 போன் அழைப்பை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். நயமான குரல். ஒரு முறை விதிவிலக்காக மதர்போர்டை மறுபடி மாற்றித் தருகிறோம், மூன்று மாதம் வாரண்டி கூட்டித் தருகிறோம் என்றார். எதற்கும் உடனே முடியாது என்று சொல்லாதீர்கள், மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள் என்று நான் சொல்லிவைத்திருந்தேன். அக்கா அதைச் சொன்னார். அதற்கு மேல் அவர் கேட்டது என் பாடம் இல்லை.

“போர்டு ஏற்கனவே ஒருக்கா மாத்துனீங்க. மாத்தின பிறகும் அதே மாதிரிதான் அணையுது. ரெண்டாவது ஒருக்கா மாத்தினா சரியாயிடும்னு எழுதித் தருவீங்களா சார்?”

“அப்படி எழுதித் தர முடியாது மேடம்.”

“நீங்களே நம்பாததை நான் எப்படி சார் நம்புறது?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்தார்.

அடுத்தது, மாற்றுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க ஒரு முறை பரிசோதனைக்குக் கொடுங்கள் என்றார்கள். ஐந்தாவது முறை கொடுக்க மாட்டேன் என்று எழுதியிருந்தோமே என்று அக்காவுக்குக் கோபம். நான் கொடுத்துவிடச் சொன்னேன். மறுத்தால் ‘வாடிக்கையாளர் ஒத்துழைக்கவில்லை’ என்று மூடிவிடுவார்கள். பழுதுபார்க்க அல்ல, பரிசோதனைக்கு மட்டும் என்று ஜாப் ஷீட்டிலேயே எழுதச் செய்தோம். எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதையும்: பாட்டரி 30-க்குக் கீழ், சார்ஜர் இணைப்பில், குறைந்தது ஒரு மணி நேரம். நாலு பக்கமும் படம் எடுத்தோம். கொடுப்பதற்கு முன் பத்திரக் கோப்புகளைக் காப்பி எடுத்துவிட்டு டிஸ்கை முழுக்கத் துடைத்தோம். ஊர்க்காரர்களின் ஆதார், பான் நகல்களெல்லாம் அதில் இருந்தன, மாற்றித் தந்தால் பழைய டிஸ்க் திரும்பி வராது.

அங்கிருந்த டெக்னீஷியன் மார்ச் 12 அன்று எங்கள் கண் முன்னாலேயே வைத்தார். 38-ஆவது நிமிடம் அணைந்தது. “அட” என்றார். அவர்தான் மாற்றித் தரலாம் என்று மேலே பரிந்துரை அனுப்பியவர். நாலு முறையும் கவுன்ட்டரில் யாரும் அவரிடம் முழுக் கதையைச் சொன்னதில்லை, அவருக்குக் கிடைத்தது ‘ஹேங்’, ‘ஆட்டோ ஆஃப்’ என்ற இரண்டு சொல்தான்.

அதன் பிறகு பேரம் ‘மாற்றுவதா’ என்பதிலிருந்து ‘எதைத் தருவது’ என்பதற்கு நகர்ந்தது. முதலில் பணம் தருகிறோம், ஒன்பது மாதம் பயன்படுத்தியதற்கு 25 விழுக்காடு கழித்து 43,492 ரூபாய் என்றார்கள். அக்கா ஆடிப்போனார், கையில் காசு வந்தால் போதும் என்று ஆகிவிட்டது. கணக்குப் பார்த்தோம். அதே தரத்தில் அன்றைக்குக் கடையில் எதுவும் 55,000-க்குக் கீழே இல்லை. அந்த ஒன்பது மாதத்தில் ஒரு மாதத்துக்கு மேல் அவர்களிடமே கிடந்திருக்கிறது, பயன்பாட்டுக் கழிவு யாருக்கு என்று கேட்டு எழுதினோம். பதில் இல்லை, ஆனால் அந்தப் பேச்சும் மறுபடி வரவில்லை.

பிறகு ‘சமமான யூனிட்’ என்றார்கள். இந்தச் ‘சமமான’ என்ற சொல்லில்தான் ஏகப்பட்ட பேர் விழுகிறார்கள். பழுது நீக்கிய பழைய லேப்டாப்பும் அவர்கள் அகராதியில் சமமானதுதான், வாரண்டி விதியில் புதிய அல்லது புதுப்பிக்கப்பட்ட பாகம் என்று பொடி எழுத்தில் இருக்கும். இங்கே என் உதவியே தேவைப்படவில்லை. பத்திரத்தில் சொத்தின் நான்கெல்லையை எழுதிப் பழகின கை. பிராசசர் எந்தத் தலைமுறை, ரேம் 16 ஜிபி, டிஸ்க் 512 ஜிபி, திரை எத்தனை அங்குலம், பெட்டி சீல் உடைக்காதது, உற்பத்தியான மாதம், சார்ஜர் புதியது, எல்லாவற்றையும் ஒரு மெயிலில் வரிசையாக அடித்து, ‘இதற்குச் சம்மதம் என்றால் பதிலில் சம்மதம் என்று எழுதவும்’ என்று முடித்தார். பழைய மாடல் நின்றுவிட்டதாம், அதற்கு அடுத்த மாடல் தருவதாக மார்ச் 24 அன்று சம்மதம் வந்தது.

விட்டுக்கொடுத்ததும் உண்டு. 25,000 ரூபாயை நாங்களே வாபஸ் வாங்கினோம். பஸ் டிக்கெட்டுகள் பையிலேயே இருக்கின்றன. வாரண்டியில் மிச்சம் இருக்கும் இரண்டு மாதம்தான் புதுசுக்கும் என்றார்கள். ஒரு வருடம் கேட்டோம், ஒப்படைக்கும் நாளிலிருந்து ஆறு மாதம் என்று எழுத்தில் முடிந்தது. இன்னொரு வாரம் பிடித்து நின்றிருந்தால் ஒரு வருடம் வந்திருக்கும் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது. அலுத்துப்போய் விட்டோம், அதுதான் உண்மை. தை மாத வருமானம் போனது போனதுதான். அதற்கு ஆணையத்துக்குத் தனியாகப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். “வேண்டாம் தம்பி, எனக்கு அடிக்கிறதுக்கு வேற பத்திரம் இருக்கு” என்றார்.

ஏப்ரல் 9 அன்று கூரியர் பையன் பெட்டியோடு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். பெறுகைச் சீட்டை நீட்டி, கையெழுத்துப் போடுங்கம்மா என்றான். அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பெட்டியின் மேல் இருந்த வரிசை எண்ணையும் சீட்டில் இருந்ததையும் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். கடைசிக்கு முந்தின இடத்தில் பெட்டியில் 8, சீட்டில் 3. அதை மாற்றித் திருத்தி, திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். அவன் போனில் யாரிடமோ பேசி, வேறு சீட்டு வாட்ஸப்பில் வரவழைத்து, என் கடைக்கு ஓடிப்போய்ப் பிரின்ட் எடுத்துக்கொண்டு வரும் வரை பெட்டி மேஜை மேல் பிரிக்காமலே இருந்தது.